வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் ஒரு வெப் சேர்வர்: மலையகத்தில் இதை எப்படிச் செய்வது?

ஹட்டனுக்கு அருகே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, அதை வெப் சேர்வராக, அதாவது கேட்பவருக்கு இணையப் பக்கங்களை அனுப்பும் கணினியாக, ஓடவிட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்கள் தாமே தயாரித்த பாடக் குறிப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் பிள்ளைகள் தங்கள் வீடுகளிலிருந்தே பதிவிறக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கம். வீட்டு வைஃபையில் பக்கம் திறக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் திறக்கவில்லை. 4ஜி ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை மடிக்கணினிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்து பார்த்தும் பலனில்லை.

ரவுட்டரில் இனி எதையும் மாற்றுவதற்கு முன்னர் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் இணைப்புக்கென்று இணையத்தில் ஒரு பொது ஐ.பி. முகவரி, அதாவது வெளியிலிருந்து நேரே வந்தடையக்கூடிய எண் விலாசம், இருக்கிறதா, இல்லையா? இதற்கு விடை தெரியாமல் செய்யும் எந்த வேலையும் வீண். உங்கள் விவரிப்பைப் பார்க்கும்போது, ரவுட்டரில் நீங்கள் செய்தது சரியாகவே இருந்திருக்கும் என்றும், இல்லாதது அந்த முகவரிதான் என்றும் நினைக்கிறேன்.

தோட்டத்து லயங்களில் குடியிருந்தவர்களுக்கு நீண்ட காலம் வீட்டுக்கென்று தனி விலாசம் இருந்ததில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்தின் விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுக்கப்படும். வீட்டு ரவுட்டர் செய்வதும் அதே வேலைதான். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து வெளியுலகில் ஒரே முகவரி. உள்ளிருந்து ஒரு கருவி எதையாவது கேட்டு, அதற்குப் பதில் வந்தால், யார் கேட்டது என்று ரவுட்டர் குறித்து வைத்திருப்பதால் பதிலை உரியவரிடம் சேர்த்துவிடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, அதனால் கைவிட்டுவிடும். ஒரே முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்தான் போர்ட். ‘80ஆம் போர்ட்டுக்கு வருவதை இந்த மடிக்கணினியிடம் கொடு’ என்று நாம் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வேர்டிங்.

ஆனால் இந்த ஏற்பாடு பலிப்பதற்கு, வெளியிலிருந்து வரும் இணைப்பு முதலில் உங்கள் ரவுட்டரை வந்தடைய வேண்டும். ஐ.பி.வி4 என்ற பழைய முகவரி முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலக அளவில் பகிர்ந்தளிக்க எஞ்சியிருந்த கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பிராந்தியம் தன் கடைசித் தொகுதிக்கு வந்து பங்கீட்டு முறைக்கு மாறியது. அதனால் சேவை வழங்குநர்கள், குறிப்பாகக் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக இணையம் தருபவர்கள், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல சந்தாதாரர்களை வைக்கத் தொடங்கினார்கள். இதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள் 2012இல் தனியாக ஒதுக்கப்பட்டன. இப்படிப்பட்ட இணைப்பில் உங்கள் ரவுட்டருக்கு மேலே, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இன்னொரு பகிர்வுக் கருவி இருக்கிறது. அதில் உங்களுக்காக யாரும் எதையும் எழுதி வைக்கப் போவதில்லை.

சோதிக்கும் முறை எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறவுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் இருக்கும், பல 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1 ஆக இருக்கும். நிலைமையைக் காட்டும் பகுதியில் டபிள்யூ.ஏ.என். முகவரி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு, அதே வைஃபையில் இருந்தபடியே, ‘என் ஐ.பி. முகவரி என்ன’ என்று சொல்லும் இணையத்தளங்களில் ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் எண்ணுக்கு எண் ஒன்றாக இருந்தால் அது உங்கள் ரவுட்டரின் சொந்தப் பொது முகவரி. ரவுட்டர் 10 என்று தொடங்கும் எண்ணையோ, 192.168 என்று தொடங்குவதையோ, 172.16 முதல் 172.31 வரையான ஒன்றையோ, மேலே சொன்ன 100.64 வரிசையில் ஒன்றையோ காட்டி, வெளித்தளம் வேறொன்றைக் காட்டினால், நீங்கள் பகிர்வு முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இந்த நிலையிலும் ரவுட்டர் போர்ட் ஃபார்வேர்டிங் அமைப்புகளை எந்த மறுப்புமின்றி ஏற்றுச் சேமித்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. பலர் நாள்கணக்கில் குழம்புவதற்கு இதுவே காரணம்.

வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். ஃபைபர் இணைப்புக்கு நிறுவனம் தந்த பெட்டியின் பின்னால் சொந்தமாக வாங்கிய ரவுட்டரைப் பொருத்தியிருப்பவர்கள், முதற்பெட்டியின் நிலைமைப் பக்கத்தையே பார்க்க வேண்டும். பொது முகவரி அதில் இருந்தால், அதிலும் போர்ட்டை முன்னனுப்பலாம். அல்லது அதைப் பிரிட்ஜ் முறைக்கு (முகவரியைப் பகிராமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் முறைக்கு) மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம்.

மலையகத்தில் இந்தக் கேள்வி கூடுதலாக எழுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகர்ப்பகுதிகளை விட்டு விலகிப் பிரிவுத் தோட்டங்களுக்குள் போகும்போது, வீடு வரை கேபிள் வருவது அரிதாகி, எதிர்மலையின் கோபுரத்தை நம்பிய 4ஜி ரவுட்டரே ஒரே வழியாகிவிடுகிறது. அந்த வகை இணைப்புகளில்தான் பகிர்வு முகவரியும் மிகுதி. நிலக்கேபிள் இணைப்புகளில் பொது முகவரி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் எந்த இணைப்பானாலும் ஊகத்தை நம்பாமல் சோதித்தே முடிவு செய்யுங்கள்.

பொது முகவரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு முதலில் சொல்கிறேன். சேர்வராக ஓடும் மடிக்கணினிக்கு வீட்டிற்குள் எப்போதும் மாறாத முகவரி வேண்டும். ரவுட்டரில், கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டி.எச்.சி.பி. பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற வசதி இருக்கும். மடிக்கணினியின் மேக் முகவரியை (அதன் வலையமைப்பு அட்டைக்குரிய அடையாள எண்ணை) கொடுத்து அதற்கு 192.168.1.20 போன்ற ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கணினியிலேயே முகவரியை எழுதி வைப்பதைவிட இது நல்லது. ஏனெனில் ரவுட்டர் அதே முகவரியை வேறொரு கருவிக்குக் கொடுத்து மோதல் உண்டாக்காது. வைஃபை வழியாக அல்லாமல் கேபிள் வழியாக இணைப்பதையே பரிந்துரைக்கிறேன். பிறகு போர்ட் ஃபார்வேர்டிங் பகுதியில், சில ரவுட்டர்களில் இது ‘வேர்ச்சுவல் சேர்வர்’ என்ற பெயரில் இருக்கும், வெளியே 80 உள்ளே 80, வெளியே 443 உள்ளே 443, இரண்டுக்கும் இணைப்பு வகை டி.சி.பி., செல்ல வேண்டிய இடம் 192.168.1.20 என்று இரண்டே இரண்டு விதிகளை எழுதுங்கள். 80 சாதாரண இணையப் பக்கங்களுக்கான போர்ட், 443 குறியாக்கப்பட்ட பக்கங்களுக்கானது. மடிக்கணினியின் தீச்சுவரிலும் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருளிலும்) அதே இரண்டு போர்ட்களைத் திறக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சோதனையை உள்ளிருந்து வெளிநோக்கிச் செய்யுங்கள். முதலில் மடிக்கணினியிலேயே பக்கம் திறக்கிறதா, அடுத்து வீட்டிலுள்ள இன்னொரு கருவியில் 192.168.1.20 என்று கொடுத்தால் திறக்கிறதா, கடைசியாக, கைத்தொலைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் பொது முகவரியைக் கொடுத்தால் திறக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைச் சோதிப்பது நம்பத்தக்கதல்ல. உள்ளிருந்து வெளியே போய் மீண்டும் உள்ளே திரும்பும் போக்குவரத்தைப் பல ரவுட்டர்கள் கையாளமாட்டா. வெளியிலிருந்து எல்லாம் சரியாக இருக்கும்போதும் உள்ளே தோல்வி காட்டும்.

வெளிச்சோதனை தோல்வியுற்றால், எப்படித் தோல்வியுற்றது என்பதைக் கவனியுங்கள்; அதுவே பாதி விடை. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனடியாகச் செய்தி வந்தால், கோரிக்கை ஏதோ ஒரு கருவியை வந்தடைந்து, அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் மென்பொருள் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். சேர்வர் மென்பொருள் ஓடுகிறதா, விதியில் உள்ள முகவரி சரியா என்று பாருங்கள். நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்து ‘நேரம் கடந்துவிட்டது’ என்று வந்தால், வழியில் ஏதோ ஒன்று ஓசையின்றிக் கைவிடுகிறது: மடிக்கணினியின் தீச்சுவர், ரவுட்டரின் தீச்சுவர், அல்லது நிறுவனம். 443 திறந்து 80 மட்டும் திறக்காவிட்டால், வீட்டு இணைப்புகளுக்கு 80ஆம் போர்ட்டை நிறுவனம் அடைத்திருக்கலாம். அப்படியானால் 443ஐ மட்டும் வைத்தே தளத்தை நடத்தலாம், பெரிய இழப்பில்லை.

வீட்டு இணைப்பின் பொது முகவரி நிலையானதல்ல. ரவுட்டரை அணைத்துப் போட்டாலே மாறக்கூடும். ஆகவே எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுக்க வேண்டும். டக்டிஎன்எஸ், நோஐபி போன்ற சேவைகள் ஒரு துணைப்பெயரை இலவசமாகத் தருகின்றன. மடிக்கணினியில் ஓடும் ஒரு சிறு நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய முகவரியை அங்கே தெரிவித்துக்கொண்டே இருக்கும். சொந்த ஆள்களப் பெயர் (டொமைன்) வாங்குவதானாலும் இதே முறையைப் பின்பற்றலாம். தமிழில் ‘.இலங்கை’ என்ற உயர்நிலை ஆள்களம் 2010இலேயே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. நம் பாடசாலைகள் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

பெயர் கிடைத்தவுடன் எச்.டி.டி.பி.எஸ்., அதாவது குறியாக்கப்பட்ட இணைப்பு, அவசியம். அதற்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது. வழக்கமாக அதன் ஆயுள் 90 நாள்தான் என்பதால் புதுப்பித்தலைக் கையால் செய்ய முயலாதீர்கள். கேடி என்ற சேர்வர் மென்பொருள் சான்றிதழைப் பெறுவதையும் புதுப்பிப்பதையும் தானாகவே செய்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு எஞ்சின்எக்ஸ் என்ற இன்னொரு சேர்வர் மென்பொருளை விட இதையே நான் சொல்வேன். பெயருக்கு உரியவர் நீங்கள்தானா என்பதை 80 அல்லது 443ஆம் போர்ட் வழியாகச் சரிபார்க்கும் முறைகளும் உண்டு, எந்தப் போர்ட்டும் திறக்காமல் ஆள்களப் பதிவில் ஒரு குறிப்பை எழுதிச் சரிபார்க்கும் முறையும் உண்டு.

இனி, பொது முகவரி இல்லாதவர்களுக்கான வழி. உங்களுக்கு இதுவே தேவைப்படும் என்று நினைக்கிறேன். நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்கலாம். பெரும்பாலும் மாதக் கட்டணம் இருக்கும், எல்லாப் பொதிகளுக்கும் தரமாட்டார்கள். ஐ.பி.வி6 என்ற புதிய முகவரி முறை கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அதில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி இருப்பதால் முன்னனுப்பும் வேலை இல்லை, தீச்சுவரில் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் கைத்தொலைபேசி வலையமைப்புகளில் உள்வரும் இணைப்புகளை நிறுவனமே தடுத்திருப்பதும் உண்டு, ஐ.பி.வி6 இல்லாத பிள்ளைகளுக்கு உங்கள் தளம் தெரியவும் மாட்டாது.

ஆகவே நடைமுறையில் நிற்கும் வழி சுரங்கவழி இணைப்புத்தான். வெளியிலிருந்து உள்ளே வர முடியாவிட்டாலும் உள்ளிருந்து வெளியே போக எந்தத் தடையும் இல்லை அல்லவா? மடிக்கணினியே வெளியிலுள்ள ஒரு சேர்வருடன் இணைப்பை ஏற்படுத்தி அதை அறுபடாமல் வைத்திருக்கும். பார்வையாளர்கள் அந்த வெளிச் சேர்வருக்கு வருவார்கள். அவர்களின் கோரிக்கைகள் ஏற்கெனவே திறந்திருக்கும் அந்தப் பாதையில் உங்கள் வீட்டுக்கு வரும். கிளவுட்ஃபிளேர் டனல் இதைக் கட்டணமின்றித் தருகிறது. சொந்த ஆள்களப் பெயர் ஒன்று வேண்டும், அதன் பெயர்ச் சேர்வர்களை, அதாவது பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் பொறுப்பை, அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ரவுட்டரில் ஒன்றையும் தொடத் தேவையில்லை. குறியாக்கம் அவர்களின் சேர்வரில் அவிழ்க்கப்பட்டு மீண்டும் பூட்டப்படுவதால் உள்ளடக்கத்தை அவர்களால் பார்க்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். எல்லோருக்கும் பொதுவான வினாத்தாளுக்கு அது பிரச்சினையல்ல. பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் அடங்கிய கோப்புகளுக்கு அது பிரச்சினை.

மாதம் சிறு தொகை செலவிட முடியுமானால், வெளியில் ஒரு சிறிய மெய்நிகர் சேர்வரை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற சுரங்கவழி மென்பொருள் மூலம் மடிக்கணினியுடன் இணைப்பதே எனக்குப் பிடித்த ஏற்பாடு. எல்லாம் உங்கள் கையில் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: மடிக்கணினிப் பக்கத்து அமைப்பில் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ என்பதற்கு 25 என்று மதிப்புக் கொடுங்கள். 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் போய்க்கொண்டிருந்தால்தான், நிறுவனத்தின் பகிர்வுக் கருவி உங்கள் பாதையைப் பயன்பாட்டில் இல்லாதது என்று கருதி மூடாமல் இருக்கும். இதை விட்டுவிட்டால், பகலில் வேலை செய்த தளம் இரவில் யாரும் பார்க்காத வேளையில் துண்டிக்கப்பட்டு, காலையில் திறக்காது.

எந்த வழியில் திறந்தாலும், திறந்த கதவை யாரோ தட்டிப் பார்ப்பார்கள். சான்றிதழ் வழங்கப்பட்டவுடன் உங்கள் தளத்தின் பெயர் பொதுப் பதிவேடுகளில் வெளியாகிவிடும். அதன்பின் சேர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். நீங்கள் நிறுவியே இராத வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தையும், கடவுச்சொல் இருக்கக்கூடிய மறைகோப்புகளையும் தேடி, தெரியாத முகவரிகளிலிருந்து வரிசையாகக் கோரிக்கைகள் வந்து ‘404’ (அப்படியொரு பக்கம் இல்லை) என்ற விடையோடு திரும்பிக்கொண்டிருக்கும். இது உங்களைக் குறிவைத்த தாக்குதல் அல்ல; இணையம் முழுவதையும் துழாவும் தானியங்கி நிரல்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட வீட்டு ரவுட்டர்களையும் கமராக்களையும் கைப்பற்றியே, அந்த ஆண்டு ஒக்டோபரில் உலகின் பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது.

ஆகவே ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும், கருவிகள் தாமாகவே போர்ட்களைத் திறக்க இடமளிக்கும் யூபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள். தொலைவிலிருந்து கணினிக்குக் கட்டளையிடும் வழியான எஸ்.எஸ்.எச்.ஐ வெளியே திறக்க வேண்டாம். டி.எம்.இசட். என்ற ஒற்றைப் பொத்தானைத் தட்டினால் எல்லாம் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அது மடிக்கணினியின் எல்லாப் போர்ட்களையும் உலகுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு, ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த மடிக்கணினியில் குடும்பப் படங்களோ வங்கி வேலைகளோ இருக்கக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் தானாக நிறுவப்படும்படி அமையுங்கள்.

பதிவேற்ற வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேர்வர் என்று வரும்போது உங்கள் பதிவேற்றமே பிள்ளைகளின் பதிவிறக்கம். வினாத்தாள் ஒன்று 5 மெகாபைட், உங்கள் பதிவேற்ற வேகம் வினாடிக்கு 4 மெகாபிட் என்றால், ஒரு பிள்ளைக்கு 10 வினாடி. பரீட்சை நெருங்கும் வாரத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். 200 பேர் அந்த ஒரே தாளைப் பதிவிறக்கினால் ஒரு கிகாபைட் உங்கள் டேட்டா பொதியிலிருந்து கழியும். வண்ணத்தில் ஸ்கேன் செய்ததைச் சாம்பல் நிறத்துக்கும் அங்குலத்துக்கு 150 புள்ளி அடர்த்திக்கும் மாற்றினால் அச்சு தெளிவாகவே இருக்கும், கோப்பின் அளவு பல மடங்கு குறையும். வேகமான பொதி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை மடிக்கணினியைத் தெரிவு செய்தது நல்லது. அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. மூடியைச் சாத்தினால் உறங்கிவிடாதபடி அமைத்து, வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். எப்போதும் முழுச் சார்ஜில் சூடாக இருக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும், மாதத்துக்கு ஒருமுறை அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். போதும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும், 10 வாட் ரவுட்டர் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் ஓடும். நுவரெலியா போன்ற 1,800 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் குளிர் கணினிக்கு நன்மையே; பனியும் ஈரமும்தான் தீங்கு. தொடர்ந்து ஓடும் கணினி சுற்றுப்புறத்தைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் அதற்குள் ஈரம் படியாது; நாள்கணக்கில் அணைத்து வைத்ததை எடுத்த எடுப்பில் போடாமல், உலர்ந்த அறையில் சிறிது நேரம் வைத்துப் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமுழக்கம் கேட்டால், மின் பிளக்கை மட்டுமல்ல, செப்புத் தொலைபேசிக் கம்பியோ கூரைமேல் அன்டெனா கேபிளோ இருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து ரவுட்டரையும், அதோடு கேபிளில் இணைந்திருக்கும் மடிக்கணினியையும் எரித்துவிடும். அந்த நேரம் தளம் நின்றால் நிற்கட்டும்.

தளத்தின் கோப்புகள் அனைத்தையும் வாரம் ஒருமுறை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துப் பாடசாலையில் வையுங்கள். அங்கே ஒரு கணினியில் அதே சேர்வர் மென்பொருளை நிறுவி, பழைய ரவுட்டர் ஒன்றின் வைஃபையில் இணைத்துவிட்டால், இணைய இணைப்பே இல்லாத நாளிலும், டேட்டா வாங்க வசதியில்லாத பிள்ளையும், வகுப்பறையில் இருந்தபடியே அதே பக்கத்தைத் திறந்து அதே வினாத்தாளை எடுத்துக்கொள்ளலாம்.